முந்திரிகைக் கொடிகளை வெட்டுவித்த மன்னன்

மேல் வகுப்பு மாணாக்கருக்கு உரோம சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. யூலியஸ் சீசர் கொலையுண்ட கதையை அவன் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தின் வாயிலாக மாணாக்கர் அதனை முன்னரே அறிந்திருப்பர். கி. மு. 44ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள், செனட் சபை கூடிய மண்டபத்திலே, பொம்பியின் சிலைக்கு அருகிலே என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்புவிக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "சேர், அன்றைக்குக் கொல்லப்படாமல் இருந்திருந்தால் அடுத்த கிழமை சீசர் என்ன செய்திருப்பார்?" என்று வினவினான்.

நல்ல வினா. விடையும் உண்டு. அடுத்த சில நாள்களில் சீசர் உரோமாபுரியை விட்டுப் போருக்குப் புறப்பட்டிருப்பார். பதினாறு படைப்பிரிவுகளும் 10,000 குதிரை வீரரும் அப்போருக்கெனக் குறிக்கப்பட்டிருந்ததாக அப்பியன் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். கி. மு. 53இல் உரோமத் தளபதி கிராசசைக் கொன்ற பார்த்தியரைப் பழிவாங்கவே அவர் புறப்பட்டார் என்று நம் பாடநூல்கள் சொல்லும். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. சீசர் முதலிலே தாக்க எண்ணியது பார்த்தியரை அன்று, தன்யூப் நதிக்கரையில் வாழ்ந்த கெத்தரையே என்கிறார் அப்பியன். சீசரின் வரலாற்றை எழுதிய சுவெத்தோனியசும், கருங்கடற் கரையிலும் திரேசிலும் பாய்ந்து பரவிய டேசியரை அடக்குவதே முதல் வேலையாக இருந்தது என்று குறிக்கின்றார்.

கோல் நாட்டை வென்றவர், பொம்பியை முறியடித்தவர், உலகின் அரைவாசியைக் காலடியிற் கண்டவர், மலைநாட்டுக் கூட்டத்தார் சிலரை அடக்குவதற்கு ஏன் இத்துணைப் பெரும் படை திரட்ட வேண்டும்? அதற்குக் காரணம் ஒரு மனிதன். அவன் பெயர் பூரெபிஸ்தா. மாணவனின் வினாவுக்கு அன்று மணி அடித்துவிட்டபடியால் அரைகுறையாகவே விடை கூறினேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பிரிந்து கிடந்த இனம்

முதலில் ஐரோப்பாவின் தேசப்படத்தை விரித்து வைத்துக் கொள்ளுங்கள். கருங்கடலின் மேற்குக் கரையிலே தன்யூப் நதி வந்து விழுகின்றது. அந்நதிக்கு வடக்கே வில்லைப் போல வளைந்து நிற்பன கார்பேதியன் மலைகள். இன்று ருமேனியா என வழங்கும் இந்நிலப் பரப்பிலும் அதனைச் சுற்றியும் பண்டைக் காலத்தில் வாழ்ந்தோரைக் கிரேக்கர் கெத்தர் என்றனர். உரோமர் டேசியர் என்றனர். கீழ்த் தன்யூப்பையும் கடலையும் அடுத்து வாழ்ந்தோர் கெத்தர், மலைக்குள்ளும் மேற்கிலும் வாழ்ந்தோர் டேசியர் என்று பிரிப்பாரும் உளர். இருவரும் பேசியது ஒரே மொழி என்று ஸ்ட்ராபோ என்னும் கிரேக்கப் பூமிசாஸ்திர ஆசிரியர் தெளிவாகக் கூறுகின்றார்.

இவர்கள் திரேசியர் என்னும் பேரினத்தின் கிளையினர். அத்திரேசியரைப் பற்றி, பூரெபிஸ்தாவுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எரதோத்தஸ் ஒரு கருத்தை எழுதி வைத்துள்ளார். உலகில் இந்தியருக்கு அடுத்தபடியாகத் தொகையிற் பெரிய இனம் திரேசியரே என்றும், ஒருவன் ஆட்சியின் கீழ் வந்தாலோ, தம்முள் ஒருமனப்பட்டாலோ அவர்களை வெல்ல எவராலும் இயலாது என்றும், ஆனால் அது ஒருநாளும் நடவாத காரியம் என்றும், ஆதலால் அவர்கள் வலியற்றோராய் இருக்கின்றனர் என்றும் அவர் எழுதினார். (இந்தியரை எரதோத்தஸ் எண்ணிப் பார்த்தாரா என்று கேட்க வேண்டாம். கேள்விப்பட்டதை எழுதுவதிலே அவருக்குக் கூச்சம் கிடையாது.) அதே எரதோத்தஸ், திரேசியர் அனைவரிலும் வீரமும் நீதியும் மிக்கவர் கெத்தரே என்றும் பாராட்டுகின்றார். பாரசீகப் பேரரசன் தாரியஸ் படையெடுத்து வந்தபோது, வழியிலிருந்த மற்றையோர் பணிய, கெத்தர் மாத்திரம் எதிர்த்து நின்றனராம். எதிர்த்து நின்று, தோற்று, அடிமையாயினர்.

வீரம் இருந்தது, தொகை இருந்தது, ஒற்றுமை இல்லை. ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் ஒரு தலைவன். ஒவ்வொரு தலைவனுக்கும் அயலவனோடு ஒரு பகை. கி. மு. முதலாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஓயாத போர்களால் அம்மக்கள் நைந்து போயிருந்தனர் என்பது ஸ்ட்ராபோவின் வாக்கு. நடவாது என்று எரதோத்தஸ் தீர்ப்புச் சொன்ன காரியத்தை, இந்நிலையில் வந்த ஒருவன் நடத்திக் காட்டினான்.

கொடியை வெட்டுதல்

பூரெபிஸ்தாவைப் பற்றி நாம் அறிவதிற் பெரும் பகுதி ஸ்ட்ராபோ தந்தது. அவர் சொல்லை மதிப்பதற்குக் காரணம் உண்டு. கருங்கடலுக்குத் தெற்கேயுள்ள அமாசியா என்னும் ஊரிற் பிறந்த அவர், பூரெபிஸ்தா மறைந்த காலத்தில் ஏறக்குறைய இருபது வயது இளைஞர். ஆகவே அவர் எழுதியது பாட்டன் காலத்துக் கதையன்று. தம் வாழ்நாளில் நடந்த செய்தி.

அவர் கூற்றின் சாரம் இது. கெத்தர் இனத்தவனாகிய பூரெபிஸ்தா தன் மக்களின் தலைமையை ஏற்றபின், பயிற்சியாலும், மது மயக்கமற்ற வாழ்வாலும், கட்டளைக்கு அடங்கும் பழக்கத்தாலும் அவர்களை மேம்படுத்தினான். சில ஆண்டுகளுக்குள்ளே பேரரசொன்றை நிறுவி, அயலார் பெரும்பாலோரைக் கெத்தருக்கு அடங்கச் செய்தான். தன்யூப் நதியைத் துணிந்து கடந்து, மசிடோனியாவும் இல்லிரியாவும் வரை கொள்ளையிட்டான். உரோமரும் அவனை அஞ்சத் தலைப்பட்டனர்.

இதற்கு அவனுக்குத் துணை நின்றவர் தெக்கேனியஸ் என்னும் குரு. எகிப்து நாட்டிலே அலைந்து திரிந்து, வருங்காலம் உரைக்கும் குறிகள் சிலவற்றைக் கற்று வந்தவர். தெய்வத்தின் திருவுள்ளம் இன்னதென எடுத்துரைப்பவராகத் தம்மைக் காட்டிக் கொண்டு, நாளடைவில் தெய்வமாகவே போற்றப்பட்டார். ஸ்ட்ராபோவுக்கு அவர் மீது மதிப்பில்லை. மாயவித்தைக்காரன் என்றே குறிப்பிடுகின்றார். ஆறு நூற்றாண்டு கழித்து, கி. பி. 551ஆம் ஆண்டளவிலே எழுதிய யோர்தானெஸ் என்பவரோ அதே மனிதரை முனிவராக்கி விடுகின்றார். மன்னன் அவருக்கு அரசனுக்கு நிகரான அதிகாரம் அளித்தானாம். அவர் மக்களுக்கு அறநெறியும் தருக்கமும் வானசாத்திரமும் போதித்தாராம். போர் ஓய்ந்த நாள்களில் வீரர்கள் விண்மீன்களையும் மூலிகைகளையும் ஆராய்ந்து கொண்டிருந்தனராம். யோர்தானெஸ் தம் இனத்தவராகிய கோத்தரையும் பழைய கெத்தரையும் ஒன்றென மயங்கியவர். ஆகவே அவர் வருணனையைப் பாதிக்கு மேல் நம்ப நான் துணியேன். ஆனால் அரசனும் குருவும் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்து நின்றனர் என்பதில் இரு சாட்சிகளும் ஒத்துப் போகின்றனர்.

இனி அந்த முந்திரிகைக் கதைக்கு வருவோம். மக்கள் எவ்வளவு தூரம் அடங்கியிருந்தனர் என்பதற்கு அடையாளமாக ஸ்ட்ராபோ ஒன்றைச் சொல்லுகின்றார்: தங்கள் முந்திரிகைக் கொடிகளை வெட்டியெறிந்து, திராட்சை மதுவின்றி வாழ அவர்கள் இணங்கினார்களாம்.

நம்மவர் இதனைப் படித்தவுடன் மதுவிலக்கு என்று மகிழ்வர். நானும் முதன்முறை அவ்வாறே மகிழ்ந்தேன். பின்னர் சிந்தித்தபோது வேறொன்று தோன்றிற்று. மதுக்கடையை மூடுவது வேறு. கொடியை வெட்டுவது வேறு. மூடிய கடையை நாளைக்குத் திறக்கலாம். முந்திரிகைக்குப் பந்தல் போட்டவர் அறிவர், நட்ட கொடி முறையாகக் காய்க்க மூன்று ஆண்டாவது செல்லும் என்பதை. தகப்பன் நட்டு மகன் பறிக்கும் பழந்தோட்டங்களும் உண்டு. அதனைத் தன் கையாலேயே வெட்டுகின்றவன், வருங்காலத்திற்கென வைத்த உடைமையைத் தலைவனின் சொல்லுக்காக விட்டுக் கொடுக்கின்றான். மதுவின் தீமையை மக்கள் உணர்ந்தனர் என்று ஸ்ட்ராபோ சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அடங்கினர் என்பதற்கே அதனைச் சான்று காட்டுகின்றார்.

பிற்கால ஆராய்ச்சியாளர் இதற்குப் பல உட்பொருள் கண்டுள்ளனர். கிரேக்க வணிகரின் மதுச் சாடிகள் மலைக்குள் வந்து, பிரபுக்களின் விருந்துகளுக்குப் பொருள் கரைந்தமையை நிறுத்தவே இக்கட்டளை என்பர் சிலர். தத்தம் கூட்டத்தாரை விருந்தளித்து வசப்படுத்தி வந்த சிறு தலைவர்களின் செல்வாக்கை முறிக்கவே என்பர் வேறு சிலர். பின்னைய கருத்தே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. ஒருவன் வீட்டு மதுவை அருந்துகின்றவன் அவ்வீட்டானுக்கே வாளேந்துவான்; அது மலைநாட்டு வழக்கம். மது இல்லையேல் வாள் எல்லாம் ஒருவனுக்கே. (கொடிகள் எப்படியோ மீண்டும் துளிர்த்து விட்டன. இன்று ஐரோப்பாவில் முந்திரிகைத் தோட்டங்கள் மிகுந்த நாடுகளுள் ருமேனியாவும் ஒன்று.)

வாளின் வழி

மேற்றிசைப் போரைச் சுருக்கமாகவே கூறலாம். இன்றைய ஹங்கேரி, சிலோவாக்கியப் பகுதிகளில் வாழ்ந்த கெல்த்து இனத்தவரான போயியரும் தௌரிஸ்கரும் கிரித்தசிரஸ் என்பவன் தலைமையில் எதிர்த்து நின்றனர். பூரெபிஸ்தா அவர்களை முறியடித்தான். முறியடித்தான் என்பது மென்மையான சொல். அவ்வினத்தவரை அறவே இல்லாமற் செய்தான் என்பது ஸ்ட்ராபோவின் கூற்று. நூறாண்டுக்குப் பின்னரும் அந்நிலத்திற்குப் போயியரின் பாழ்நிலம் என்ற பெயரே வழங்கிற்று. பிளினி அதனைக் குறித்துள்ளார்.

கீழ்த்திசையில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கருங்கடலின் மேற்கு, வடமேற்குக் கரைகளிலே கிரேக்கர் பல நூற்றாண்டுகளாக வணிக நகரங்களை அமைத்து வாழ்ந்தனர். தானியமும் மீனும் தோலும் அடிமைகளும் அங்கிருந்து கப்பலேறின; எண்ணெயும் மதுவும் மட்பாண்டமும் வந்திறங்கின. கி. மு. 55ஆம் ஆண்டை அடுத்து, பூரெபிஸ்தாவின் படை இக்கரை நெடுகிலும் இறங்கியது. வடக்கே ஒல்பியா முதல் தெற்கே அப்பொலோனியா வரை நகரங்கள் வீழ்ந்தன.

ஒல்பியாவுக்கு நேர்ந்த கதியை நேரிற் பார்த்தவர் ஒருவர் உளர். தியோ கிரிசொஸ்தம் என்னும் கிரேக்கச் சொற்பொழிவாளர் கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், இன்று தென் உக்ரேனில் அடங்கும் அந்நகருக்குச் சென்றார். கெத்தர் அழித்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழிந்திருந்தது. அப்போதும் நகரம் பழைய எல்லைக்கு வளரவில்லை. ஒரு மூலையிலே தாழ்ந்த மதிலொன்றை எழுப்பிக் கொண்டு மக்கள் வாழ்ந்தனர். பழைய மதிலின் கோபுரங்கள் நகரத்துக்குச் சம்பந்தமில்லாதன போலத் தொலைவிலே தனித்து நின்றன. கோயில்களில் முழுமையான சிலை ஒன்றேனும் இல்லை, அனைத்தும் மூளியாயிருந்தன. அவர்கள் பேசிய கிரேக்கமும் தூய்மை இழந்திருந்தது. ஆயினும் ஓமரின் இலியட் காவியத்தை மட்டும் ஏறக்குறைய எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தனராம். எதிரிகளின் வருகையை அஞ்சி மதிற் கதவை அடைத்துவிட்டு, ஆயுதம் தாங்கியபடியே கோயில் முற்றத்தில் அமர்ந்து அவருடைய பேச்சைக் கேட்டார்களாம்.

இனங்களை ஒன்றாக்கிய மாமன்னன் என்று பூரெபிஸ்தாவைப் புகழும் நூல்களிலே இந்த மூளிச் சிலைகள் இடம்பெறுவது குறைவு. டேசியரின் ஒற்றுமைக்குரிய செலவில் ஒரு பங்கை ஒல்பியா மக்களும் கொடுத்தனர்.

ஒரு கல் சொல்லும் கதை

எல்லா நகரமும் அழியவில்லை. இன்றைய பல்கேரியாவில், கருங்கடல் ஓரத்தில் பல்ச்சிக் என்னும் ஊர் இருக்கின்றது. அதன் பழம்பெயர் தியோனிசொப்பொலிஸ். அங்கே கிடைத்து, இப்பொழுது சோபியா நகரத்து நூதனசாலையிலுள்ள சலவைக்கற் சாசனம் ஒன்று, கி. மு. 48ஆம் ஆண்டளவில் அவ்வூர்ச் சபையார் பொறித்தது. அகோர்னியன் என்னும் குடிமகனுக்கு அவர்கள் செலுத்திய நன்றி அது.

இந்த அகோர்னியன் பெரிய தளபதி அல்லன். பெரிய கவிஞனும் அல்லன். ஊரிலே செல்வாக்குள்ளவன். பூசகர் பதவியை ஏற்க ஆளில்லாத காலத்தில் அதனை ஏற்றுத் தன் கைப்பொருளைச் செலவிட்டுத் திருவிழா நடத்தியவன். மன்னன் பூரெபிஸ்தாவின் அவையில் முதன்மையான நண்பர்களுள் ஒருவனாகி, தக்க தருணங்களில் நல்லறிவு கூறி, அம்மன்னனின் நல்லெண்ணத்தைத் தன் ஊருக்குப் பெற்றுத் தந்தான் என்று கல் பேசுகின்றது. அயல் நகரங்கள் புகைந்து கொண்டிருந்த காலத்தில் அந்த நல்லெண்ணத்தின் விலை என்னவென்பதை ஊரார் அறிந்திருந்தனர். அவனுக்குப் பொன்முடி சூட்டவும், சந்தைச் சதுக்கத்தில் மிகச் சிறந்த இடத்திலே சிலை நாட்டவும் தீர்மானித்தனர்.

அக்கல் பூரெபிஸ்தாவைத் திரேசிய மன்னருள் முதல்வன், மிகப் பெரியவன் என்றும், தன்யூப்பின் இக்கரையும் அக்கரையும் முழுவதும் உடையவன் என்றும் வருணிக்கின்றது. அஞ்சினவர் சொன்ன புகழ்ச்சி என்று ஒரு பங்கைக் கழித்துவிடலாம். கழித்தபின் எஞ்சுவதும் சிறிதன்று.

சரித்திரத்துக்கு இன்னும் பெரிய செய்தியும் அதே கல்லில் உண்டு. சீசருக்கும் பொம்பிக்கும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளையிலே, பூரெபிஸ்தா இந்த அகோர்னியனையே தூதனாகப் பொம்பியிடம் அனுப்பினான். மசிடோனியாவிலே எராக்கிளியா லின்கெஸ்திஸ் என்னும் ஊரருகில் தூதன் பொம்பியைச் சந்தித்து, மன்னனுக்கு உரோமரின் நட்பைப் பெற்றதோடு, தன் ஊருக்காகவும் பேசி முடித்து வந்தான். தன் ஊரை அவன் மறக்கவேயில்லை பாருங்கள்!

பூரெபிஸ்தாவின் கணக்கு இதில்தான் பிழைத்தது. சீசர் கோல் நாட்டை முடித்துவிட்டவர். டேசியரின் நாட்டெல்லை எது என்பதையும் தம் கோல் யுத்த நூலிற் குறித்தவர். அவர் வென்றால் அடுத்துத் தன் பக்கமே திரும்புவார் என்று அரசன் எண்ணியிருக்க வேண்டும், அவ்வெண்ணம் தவறன்று. ஆனால் அதே கி. மு. 48ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பார்சாலஸ் களத்திற் பொம்பி தோற்றான். அடுத்த மாதமே எகிப்துக் கரையில் வெட்டுண்டு மாண்டான். தோற்றவனுக்குத் தூதனுப்பிய அரசன் வென்றவனின் கண்ணில் நின்றான். தொடக்கத்தில் அம்மாணவன் கேட்ட கிழமைக்கு இவ்வாறு வந்து சேர்கின்றோம்.

இரண்டு கொலைகள்

சீசர் கொல்லப்பட்டபோது படைகள் ஏற்கெனவே அத்திரியாத்திக் கடலைக் கடந்து காத்திருந்தன. அவருடைய சகோதரியின் பேரனான ஒக்டேவியன், பதினெட்டு வயது இளைஞன், போருக்கு உடன் செல்வதற்கென அக்கரையிலே இல்லிரிய அப்பொலோனியாவிற் படித்துக் கொண்டிருந்தான். போர் நடக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்திலே, உரோமப் படை வருமுன்னரே, பூரெபிஸ்தாவும் தன்னவர் சிலர் செய்த கிளர்ச்சியில் வீழ்த்தப்பட்டான். மோத வேண்டிய இருவரும் மோதாமலே, தத்தம் மனிதர் கையாலே மறைந்தனர்.

இவ்விரு கிளர்ச்சிகளின் பின் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சீசரின் மரணத்தால் உரோமாபுரி பதின்மூன்று ஆண்டு இரத்தத்தில் நனைந்தது. ஆனால் உடையவில்லை. செனட் இருந்தது, சட்டம் இருந்தது, மாகாணங்களுக்கு ஆளுநர் போவதும் வரி வருவதும் நிற்கவில்லை. சீசர் எழுதி வைத்த மரண சாசனத்தைச் சபையிற் படித்து, அதன்படி ஒருவன் வாரிசு எனத் தலைநிமிர்ந்து வர முடிந்தது. அந்த ஒருவனே பின்னாளில் ஒகஸ்தஸ் எனப் புகழ்பெற்ற அதே ஒக்டேவியன்.

பூரெபிஸ்தா விழுந்தவுடன் அவன் அரசு நான்கு துண்டாயிற்று. ஒகஸ்தஸ் படை அனுப்பிய காலத்தில் ஐந்து துண்டு. ஒருகாலத்தில் 2,00,000 பேரைப் போருக்கு அனுப்ப வல்லவராயிருந்தோர், தம் நாளில் 40,000 பேருக்குக் குறைந்துவிட்டனர் என்று ஸ்ட்ராபோ எழுதினார். பண்டைக் காலத்துப் படைக் கணக்குகளை அப்படியே ஏற்றல் கூடாது. எனினும் ஏற்றமும் இறக்கமும் அவர் கண்முன்னே நடந்தவை. குரு தெக்கேனியஸ் இருந்தார். யோர்தானெஸ் கூற்றின்படி அவருக்குப் பின் கொமொசிக்கஸ் என்பவர் அரசுரிமையையும் குருத்துவத்தையும் ஒருங்கே வகித்தார். குருவின் வாக்கு மலையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கலாம். முழு நாட்டையும் பிடித்து வைக்கவில்லை. கொடியை வெட்டு என்று சொல்ல ஒருவன் இருந்தவரையில் எல்லாரும் வெட்டினர். சொல்லுபவன் போனபின், எதன் பொருட்டு ஒன்றாயிருப்பது என்று கேட்ட சிறு தலைவர்களுக்கு மறுமொழி கூறத்தக்க சபையோ சட்டமோ அங்கு இருந்ததாகத் தெரியவில்லை. நாலைந்து பிரபுக்கள் கத்தியெடுத்தவுடன் பேரரசு ஒன்று குலைந்தது எனின், அதனைக் கட்டிய முறையிலேயே குறை இருந்தது என்பது என் எண்ணம். பூரெபிஸ்தாவின் பெருமையைப் பாடுவோர் கொலையாளிகளையே பழிப்பர்.

துண்டுபட்ட பின்னரும் அவர்களை உரோமர் இலேசாகக் கருதவில்லை என்பதற்கு ஒரு வம்புக்கதை சான்று. ஒகஸ்தஸ் தம் மகள் யூலியாவைக் கெத்தர் அரசன் கொத்திசோவுக்கு மணம் பேசியதோடு, அவ்வரசனின் மகளைத் தமக்கும் கேட்டார் என்று மார்க் அந்தோனி எழுதியதாகச் சுவெத்தோனியஸ் கூறுவர். பகைவன் பரப்பிய கதை, நம்ப வேண்டியதில்லை. ஆயினும் பரப்பினால் நம்பத்தக்கது என்று அந்தோனி கருதினான் அல்லவா?

டேசியர் மறுபடி ஒன்றுபட நூற்று முப்பது ஆண்டுக்கு மேற் சென்றது. தெசபாலஸ் என்னும் வீரன் அவர்களைத் திரட்டினான். டிராஜன் சக்கரவர்த்தி 101 முதல் 102 வரையும், 105 முதல் 106 வரையும் இருமுறை போர் தொடுத்து அவனை வென்று நாட்டை உரோம மாகாணமாக்கினார். அப்போரின் காட்சிகள் 113ஆம் ஆண்டில் உரோமாபுரியில் எழுப்பிய டிராஜன் தூணிலே சுற்றிச் சுற்றிச் செதுக்கப்பட்டுள்ளன. அக்கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

மலையும் மேடையும்

ருமேனியாவின் ஒராஸ்தியே மலைகளிலே டேசியரின் கோட்டைகள் சிதைந்து நிற்கின்றன. செதுக்கிய சுண்ணாம்புக் கற்களால் உள்ளும் புறமுமாக இரு சுவர் எழுப்பி, நடுவே கல்லும் மண்ணும் நிரப்பி, கல்லிற் குடைந்த பள்ளங்களில் மர விட்டங்களைப் பொருத்தி இரு சுவரையும் பிணைத்திருக்கின்றனர். சில கற்களில் கிரேக்க எழுத்துக்கள் காணப்படுகின்றன. கரையோர நகரங்களிலிருந்து வந்த கொத்தர்களின் கைவேலை என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். விரும்பி வந்தனரோ, பிடித்துக் கொண்டு வரப்பட்டனரோ! கோஸ்தெஸ்தி போன்ற கோட்டைகளின் தொடக்கத்தைப் பூரெபிஸ்தாவின் காலத்தோடு இணைப்பர். பிற்காலத் தலைநகராகிய சார்மிசெகெத்தூசா உட்பட ஆறு கோட்டைகள் 1999ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன.

அதற்கு முன்னரே அம்மன்னனுக்கு வேறொரு வகையில் புத்துயிர் அளிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு, முதலாவது ஒன்றுபட்ட சுதந்திர டேசிய அரசு தோன்றி 2050 ஆண்டுகள் நிறைந்தன என்று நாடெங்கும் விழா எடுப்பித்தார். பூரெபிஸ்தா என்ற பெயரில் திரைப்படம் வெளிவந்தது. உலக சரித்திராசிரியர் மாநாடும் அவ்வாண்டு ஆகஸ்டில் தலைநகர் புக்கரெஸ்டிற் கூடியது. பூரெபிஸ்தாவின் ஆட்சித் தொடக்கம் கி. மு. 82 என்பாரும் கி. மு. 60 அளவில் என்பாரும் இன்றுவரை வாதிடுகின்றனர். விழாக் கணக்குக்குப் பொருந்தும் கி. மு. 70ஐ எந்தப் பழைய நூலும் கூறவில்லை. அன்றியும் கி. மு. 1க்கு அடுத்தது கி. பி. 1, இடையே பூச்சிய ஆண்டு கிடையாது. ஆகவே கி. மு. 70 முதல் 1980 வரை 2049 ஆண்டுகளே. என் மாணாக்கர் பரீட்சையில் இப்பிழையைச் செய்தால் புள்ளி குறைப்பேன்.

ஒருவன் சொல்லுக்கு நாடெல்லாம் அடங்கி ஒன்றாய் நின்ற அந்தப் பழங்காலம் சௌசெஸ்குவின் உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. விழாக்காரர் ஸ்ட்ராபோவின் முதற் பாதியை விரும்பிப் படித்தனர். மன்னன் தன்னவராலேயே வீழ்த்தப்பட்டான் என்ற பிற்பாதியை உரத்துப் படிக்கவில்லை. 1989ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புக்கரெஸ்ட் வீதிகளில் மக்கள் எழுந்தனர். 25ஆம் நாள் சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார்.

தெசபாலசின் உருவத்தையாவது டிராஜன் தூணிலே காணலாம். பூரெபிஸ்தாவின் முகம் எப்படியிருந்தது என்பதைக் காட்டும் நாணயமோ சிற்பமோ கிடைக்கவில்லை. இன்று ருமேனியாவில் நிற்கும் அவன் சிலைகள் சிற்பிகளின் கற்பனை. அகோர்னியனுக்கு ஊரார் நாட்டத் தீர்மானித்த சிலையும் போயிற்று. நன்றிக் கல் மட்டும், முன்பகுதி சிதைந்து, சோபியாவில் இருக்கின்றது. அதிலே மன்னனின் பெயரை ஒருவிதமாகவும், ஸ்ட்ராபோவின் நூலில் இன்னொரு விதமாகவும், யோர்தானெஸ் எழுதியதில் பூருயிஸ்தா என்று மூன்றாம் விதமாகவும் காண்கின்றோம். முந்திரிகைக் கொடியை வெட்டிய டேசியக் குடியானவன் அப்பெயரை எவ்வாறு உச்சரித்தான் என்பதை எழுதி வைக்க, அம்மலைகளில் அன்று எழுதுவோர் ஒருவரும் இல்லை.